திருப்பி மடித்த பெட்டிகள்

என் வீட்டுக்காரருக்கு அட்டைப் பெட்டி என்றால் உயிர். டி.வி. வாங்கினால்கூட முதலில் பெட்டியைத்தான் தட்டிப் பார்ப்பார். "இதெல்லாம் தூக்கிப் போடுற சாமானா?" என்பார். மார்க்கையன்கோட்டையில் நாங்கள் இருந்த வீட்டுப் பரண் முழுக்க அவர் சேர்த்த பெட்டிகள்தான். தேனிக்கு வீடு மாற்றுவது என்று முடிவாகி இறக்கிப் பார்த்தால், எலி கடித்தது போக ஒன்றும் தேறவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது சிரித்ததோடு சரி. அந்த வீடு மாற்றத்தில் என் மகளைப் பறிகொடுத்திருப்பேன். அவளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

பரண் கைவிட்டதும் அவருக்குத் தன் அக்கா வீட்டுக்காரர் நினைவு வந்தது. சின்னமனூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். எங்கள் பக்கத்தில் மருந்துக்கடை என்றால் காய்ச்சலுக்கு மாத்திரை விற்கிற கடை இல்லை. திராட்சைக்கும் வாழைக்கும் அடிக்கிற மருந்து விற்கிற கடை. அவர் கடையில் இல்லாத நேரத்தில் போய், பின்பக்கம் கிடந்த பெட்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து இறக்கினார் இவர்.

"கனத்த அட்ட பாரு. ஆளு ஏறி நின்னாலும் அமுங்காது."

ஒவ்வொரு பெட்டியிலும் மண்டையோடும் குறுக்கே எலும்புமாகப் படம். கீழே சிவப்பு முக்கோணம்.

"ஏங்க, வீட்டுச் சாமானை இதுலயா போடுறது?"

"காலிப் பெட்டிடி. உன்னையக் கடிச்சா திங்கப் போகுது?"

என் பேச்சுக்கு அடங்காதவர் என் மாமியாருக்கு அடங்கினார். ஆனால் அத்தைக்கு மருந்தைப் பற்றிக் கவலை இல்லை, படத்தைப் பற்றித்தான். "பால் காய்ச்சப் போற வீட்டுக்குள்ள மொத மொதல்ல மண்டையோடா போகணும்? வெளங்குமா அந்த வீடு?" என்று பிடித்துக்கொண்டார்.

இவர் உட்கார்ந்து யோசித்தார். பிறகு ஒரு பெட்டியின் ஒட்டியிருந்த ஓரத்தைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, டேப் போட்டு ஒட்டினார். படம் உள்ளே போய்விட்டது. வெளியே வெறும் மண் நிறம். "இப்பச் சொல்லுங்கம்மா" என்றார், ராக்கெட் விட்டவர் மாதிரி. அத்தைக்குத் திருப்தி. எல்லாப் பெட்டியையும் அப்படியே திருப்பினார். ஒன்றிரண்டில் கரை கரையாகக் கறை இருந்தது. "தண்ணிக் கறை" என்றார். நான் ஸ்கெட்ச் பேனாவால் 'பூசை சாமான்', 'தையல்', 'பாப்பா துணி' என்று எழுதினேன்.

புது வீட்டில் பால் பொங்கியபோது பெட்டிகள் எங்களுக்குப் பின்னால் அடுக்கி இருந்தன. எல்லாரும் குலவை போட்டார்கள். எனக்கு மட்டும் முதுகில் குறுகுறுவென்று இருந்தது. மண்டையோடுகள் வெளியே போகவில்லையே, உள்ளே திரும்பி எங்கள் பாத்திரத்தையும் பிள்ளையின் சட்டையையும் அல்லவா பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று தோன்றியது. நல்ல நாளும் அதுவுமாக இதைச் சொன்னால் ஏச்சு விழும். பிள்ளையின் துணியில் மட்டும் ஒரு வாடை அடித்தது. அலசிக் காயப்போட்ட பிறகுதான் போட்டுவிட்டேன்.

சாமான் எடுத்து வைத்ததும் பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள் என்றேன். கேட்பாரா? தெருவுக்கே தானம் ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அக்கா கோழி வளர்க்கிறவர், அவருக்கு ஒன்று. சோடாக்கடைக்கு இரண்டு. இருப்பதிலேயே பெரிய பெட்டியில் கதவும் ஜன்னலும் அறுத்து மகளுக்கு ஒரு வீடு செய்தார். அவள் அதற்குள் குடியேறிவிட்டாள். சோறு, தூக்கம், விளையாட்டு எல்லாம் அங்கேதான். ஜன்னல் விளிம்பைக் கடித்துக்கொண்டே நின்று என்னை வேடிக்கை பார்ப்பாள். நானும் நிம்மதியாகத் தையல் மிஷினில் உட்கார முடிந்தது.

ஒரு நாள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், "மாமா, இந்தா" என்றாள்.

"எந்த மாமாடி?"

"உள்ள மாமா. சிரிக்கிறாக."

குனிந்து பார்த்தேன். உள்சுவரில் மண்டையோடு. அதன் பல்லில் பிஸ்கட்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இவரிடம் சொன்னால், "பிள்ளைக்கு எல்லாம் பொம்மதான், நீதான் பேயக் கண்ட மாதிரி பதறுற" என்றார்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த அட்டை வீட்டுக்குள் அத்தனை பிஸ்கட் தூள் கிடந்தும் ஒரு எறும்பு வரவில்லை. அடுப்படியில் சீனி டப்பாவைத் தண்ணீருக்குள் வைத்தாலும் நீந்தி வருகிற எறும்புகள், அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் மருந்து வாடை புதுசு இல்லை. வீட்டுக்குப் பின்னாலேயே வாழைத் தோட்டம். மூக்கைச் சுளித்தால், "தோட்டத்துல மருந்து அடிக்கிறாக" என்று அத்தை சொல்லிவிடுவார். பிறந்ததிலிருந்து மோந்த வாடைதானே, யாருக்குச் சந்தேகம் வரும்?

பிள்ளைக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. "பல்லு மொளைக்கிது" என்றார் அத்தை. வயிற்றால் போயிற்று. "புதுத் தண்ணி சேரல" என்றார். சோர்ந்து படுத்தாள். கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் பிரித்த அட்டை. அதைக் கோழிக் கூண்டுக்குள் விரித்துப் போட்டிருந்தாராம். குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"உன் பெட்டிய நீயே வச்சுக்க தாயி. மண்டையோட்டு மேல குஞ்சப் படுக்க வச்சா நிக்குமா? நான்தான் கூறு கெட்டுப்போய், படம் கீழ போகட்டும்னு வெறும் பக்கத்த மேல விரிச்சேன். அப்படியும் விடல பாரு."

வெறும் பக்கம் மேலே. அந்தச் சொல்லில்தான் எனக்குப் பொறி தட்டியது. அட்டையைப் பிடுங்கி வெயிலில் பிடித்தேன். வெறும் பக்கத்தில் பழுப்பாகக் கறை. மோந்து பார்த்தேன். நெடி மண்டையில் ஏறியது. பாட்டில் ஒழுகினால் பெட்டியின் எந்தப் பக்கம் நனையும்? உள்பக்கம். அந்த உள்பக்கத்தைத்தானே திருப்பி வெளியே வைத்திருக்கிறோம்!

திரும்பிப் பார்த்தேன். என் மகள் அட்டை வீட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்து நின்றாள். விளிம்பு வாய்க்குள் இருந்தது. எச்சில் நூலாக அந்தக் கறைமேல் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, எம்பிள்ளை!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. "என்ன மருந்து? பேரு தெரியணும்" என்றார். இவர் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்து, அட்டை வீட்டின் உள்சுவரை மாமாவோடு அறுத்துக் கொண்டுவந்தார். மண்டையோட்டுக்குக் கீழே பெயர் இருந்தது. பிஸ்கட் தூளும் ஒட்டி இருந்தது. ஊசி போட்டார்கள். பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். கும்பிடாத சாமி இல்லை. என் வீட்டுக்காரரை நான் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசினால் அந்த மனுஷன் அங்கேயே விழுந்திருப்பார்.

மருந்துக்கடை அண்ணன் ஓடிவந்தார். "அடப்பாவி, ஒழுகுன சரக்கு வந்த பெட்டியெல்லாம் பின்னாடி ஒதுக்கி வச்சிருந்தேனே, அதையா அள்ளிட்டுப் போன? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் இவர் வீடு வீடாகப் போய்க் கொடுத்த பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறானே என்று சிரித்தவர்களும் உண்டு. எல்லாம் வந்தன, ஒன்றைத் தவிர. 'பாப்பா துணி' என்று நான் எழுதிய பெட்டி.

அதை அடுத்த தெருவில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். கைப்பிள்ளைக்காரி. புருஷனுக்குக் குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை என்று சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாளாம். "நல்ல கெட்டிப் பெட்டிம்மா, பிள்ளை சாமானை இதுல வையி" என்று இவரே மடித்தும் கொடுத்திருக்கிறார். எந்தத் தோட்டம் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. போன் நம்பரும் இல்லை.

என் மகள் தெளிந்து எழுந்து நடந்த அன்று, நேராக அட்டை வீடு இருந்த மூலைக்குத்தான் போனாள். கையில் பிஸ்கட்.

"அப்பா, மாமா எங்க?"

இவர் ஏதோ ஞாபகத்தில், "மாமா வேற வீட்டுக்குப் போயிட்டாகடா" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, குமுளிக்குப் போக வண்டிச் சாவியை எடுத்தார்.