மூன்று அண்ணன்மார் போட்ட காவல்

சண்டிலிப்பாயில் கஜந்தினியின் வீட்டு முன்னறையில் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் யாராவது கண்ணை மூடினால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும், இறந்தவரின் படமும் வாழ்க்கையும் அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகத்தை அவள்தான் செய்து கொடுப்பாள். பதினொரு வருடமாக இதே வேலை. செத்தவர்களின் முகங்களெல்லாம் அந்தக் கணினிக்குள்தான் கிடக்கின்றன, வேறு பிரதி கிடையாது. அது புத்தியில்லாத வேலை என்று அவளுக்கே தெரியும். நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்றே காலம் ஓடிவிட்டது.

அந்தக் கணினி எழும்ப இருபத்தைந்து நிமிடம் செல்லும். காலையில் பொத்தானை அமத்திவிட்டு, முற்றம் கூட்டி, பிட்டு அவித்து, சம்பலும் இடித்துக்கொண்டு வந்தால் திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அதுவும் பழகிப்போயிற்று. ஆனால் போன மாதம் இறந்த இராசசிங்கத்தின் கல்வெட்டுக்கு மூன்று நாள் இருக்கையில், ஒரு மணித்தியாலமாகியும் அது எழும்பவில்லை.

இராசசிங்கம் கமெராவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற மனிதர். நேரே பார்த்துச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் வெள்ளத்தில் போய்விட்டது. கஜந்தினி முன்பொருநாள் ஸ்கான் செய்துவைத்ததுதான் மிச்சம். அவருடைய மனைவி மனோன்மணி, "அந்தப் படம் உம்மட்டை இருக்குத்தானே பிள்ளை?" என்று இரண்டு தடவை கேட்டிருந்தார். இரண்டு தடவையும் "ஓம் அன்ரி" என்று சொல்லியிருந்தாள் கஜந்தினி.

பட்டணத்தில் கணினி திருத்தும் றமேசுக்குப் போன் எடுத்தாள்.

"அது ஹார்ட் டிஸ்க் முடியப்போகுது அக்கா. கொண்டு வாங்கோ. படங்கள் வருமோ எண்டு சொல்லேலாது."

நாடி பிடிக்காமலே நாள் குறிக்கிற வைத்தியர். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன, கோபம் கொஞ்சம் கூட. கொண்டுபோவதற்கு முன் நானே ஒரு தரம் பார்க்கிறேன் என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

மேலதிகமாக எதையும் ஏற்றாமல், அவசியமானதை மட்டும் கொண்டு கணினியை எழுப்புகிற வழி ஒன்று உண்டு. சேஃப் மோட் என்பார்கள். அப்படி எழுப்பிப் பார்த்தாள். இரண்டே நிமிடத்தில் எழும்பிவிட்டது. சாகக்கிடக்கிற டிஸ்க் இவ்வளவு சுறுக்காக எழும்புமா? அப்படியென்றால் வருத்தம் டிஸ்கில் இல்லை, எழும்பும்போது கூடவே தொற்றி ஏறுகிற ஏதோவொன்றில்தான். முதல் வேலையாகப் படங்களையெல்லாம், எப்போதோ வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்த வெளி டிஸ்க் இரண்டில் ஏற்றினாள். இராசசிங்கத்தின் படம் ஏறி முடிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

பிறகு எவையெவை தொற்றி ஏறுகின்றன என்று பட்டியலைத் திறந்தாள். வைரஸ் புகாமல் காக்கும் காவல் மென்பொருள் மட்டும் மூன்று இருந்தன.

எல்லாம் அண்ணன்மாரின் அன்பு. கனடா அண்ணன் ஊருக்கு வந்தபோது ஒன்றைப் போட்டார். அடுத்த வருடம் வந்த நோர்வே அண்ணன், "உது சரிவராது" என்று தன்னுடையதைப் போட்டார். லண்டன் அண்ணன் சும்மா இருப்பாரா? மூவரும் காணிப் பிரச்சினையில் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. எதை எடுத்தாலும் ஒருவருக்கு மனம் நோகும் என்று கஜந்தினி மூன்றையும் விட்டுவைத்தாள். ஒரே வாசல் படலையில் மூன்று நாயைக் கட்டினால் அவை கள்ளனை விட்டுவிட்டு ஒன்றையொன்று பார்த்துத்தான் குரைக்கும்.

ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றை எடுத்ததும் திரும்ப எழுப்பி, நேரத்தைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பதினான்கு நிமிடம். ஆறு நிமிடம். மூன்றாவதும் போனபின் ஐம்பது விநாடி. கணினியோடு கூடவே வந்த காவல் ஒன்று இருந்தது, அது போதும்.

பின்னேரம் கனடா அண்ணன் போன் எடுத்தார். "நான் போட்டது இருக்குத்தானே?"

"உங்கடை புண்ணியத்திலைதான் அண்ணை இப்ப கெதியா எழும்புது."

மற்ற இருவருக்கும் அதே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

மறுநாள் காலை மனோன்மணி வந்தார். கஜந்தினி பொத்தானை அமத்திவிட்டு, பழக்கதோசத்தில், "இருங்கோ அன்ரி, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழுந்தாள். குசினிக்குப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால், திரை வெளிச்சமாக இருந்தது. படத்தைத் திறந்தாள். இராசசிங்கம் நேரே பார்த்துச் சிரித்தார்.

மனோன்மணி திரைக்குக் கிட்ட வந்தார்.

"உயிரோடை இருக்கேக்கை கூப்பிட்டால், உந்த மனிசன் வர அரை மணித்தியாலம் செல்லும் பிள்ளை," என்றார். "இண்டைக்குத் தேத்தண்ணி கொதிக்க முந்தி வந்திட்டுது."