அவளுடைய நாட்டுச் சண்டை ஏழு மாதத்தில் முடிந்தது

நகையைப் பார்த்தும் வீட்டைப் பார்த்தும் பொறாமைப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். தொண்ணூற்றேழாம் ஆண்டு முழுக்க நான் பொறாமைப்பட்டது ஆப்பிரிக்காவில் சயீர் என்ற நாட்டின் மேல். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

இத்தாலியில், பலெர்மோவில் லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் நானும் சயீர் நாட்டுக்காரி ஒருத்தியும் வேலை செய்தோம். வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது, நடக்க ஏலாது. சமையலும் துடைப்பும் துணியும் என் பாடு. சிஞ்ஞோராவைக் குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, பக்கத்தில் இருந்து கதைப்பது எல்லாம் அவளுக்கு. எனக்கும் ஒரு மகள், அவளுக்கும் ஒரு மகள், இரண்டுக்கும் ஏழு வயது. என் பிள்ளை வவுனியாவில் என் தங்கச்சியோடு இருந்தாள். அவள் பிள்ளை அவர்களுடைய தலைநகரில், அதுவும் தங்கச்சியோடுதான். இங்கே தங்கும் பெர்மெஸ்ஸோ கையில் இருந்தும் பிள்ளையைக் கூப்பிடும் பத்திரம் வராமல் இரண்டு பேரும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் ஒன்றாக வரிசையில் நின்றிருக்கிறோம். அந்த வரிசையில் நாங்கள் சிநேகிதிகளாகத்தான் இருந்தோம்.

அவளுடைய நாட்டில் சண்டை தொடங்கியதும் எல்லாம் மாறியது. மத்தியானச் செய்தியில் தினமும் சயீர். காட்டுப் பாதையில் போகிற சனம், துவக்குத் தூக்கிய ஆட்கள், ஆறு, வரைபடம். சிஞ்ஞோரா அவளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில், அந்த நல்ல சோபாவில், இருத்திக் கையைப் பிடித்துக்கொள்வா. நான் அந்தச் சோபாவைத் தட்டித் துடைத்திருக்கிறேனே தவிர ஒருநாளும் அதில் இருந்ததில்லை. அதற்கு முந்தின முந்தின வருடம் யாழ்ப்பாணமே மழைக்குள் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டு நடந்தபோது, அந்தச் சனத்துக்குள் என் பிள்ளையும் நடந்தபோது, இந்தத் தொலைக்காட்சிப் பெட்டியில் நான் ஒரு படத்தையும் காணவில்லை. ஒருநாள் தட்டுக்களை எடுக்கப் போனபோது சிஞ்ஞோரா என்னைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டா.

"உங்கட நாட்டிலை சண்டை எல்லாம் முடிஞ்சுதுதானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம் சிஞ்ஞோரா, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கோப்பைகளைப் போட்டு அடித்துக் கழுவினேன்.

மலைக்கோயில் கதையையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் ஆட்கள், சைவமோ கிறிஸ்தவமோ, ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிரினோ மலையேறி அங்கே குகைக்குள் இருக்கும் புனிதையிடம் நேர்த்தி வைப்போம். நான் சைவக்காரிதான். நாலு வருடமாகச் செருப்பில்லாமல் ஏறிக்கொண்டிருந்தேன். மாசி மாதத்தில் ஒருநாள் இவள் அழுதுகொண்டு நிற்கிறாளே என்று பாவம் பார்த்து நானேதான் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே செருப்பைக் கழற்றுவது, எங்கே மெழுகுதிரி வைப்பது எல்லாம் நானேதான் காட்டிக் கொடுத்தேன். மூன்றே மாதம்! வைகாசியில் அவளுடைய நாட்டில் கிளர்ச்சிக்காரர் தலைநகருக்குள் வந்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இருந்த கிழட்டு ஜனாதிபதி ஓடிவிட்டார். நாட்டின் பெயரும் மாறி, சயீர் கொங்கோ ஆகிவிட்டது. ஏழு மாதத்தில் சண்டை சரி. எங்களுடையது பதினாலாவது வருடம். அந்த மலை அம்மாவோடு நான் மனதுக்குள் சண்டை பிடித்தேன். முதலில் வந்தவள் நானல்லவா? வரிசை என்று ஒன்று இல்லையா?

"அவளின்ர சண்டை முடிஞ்சா உனக்கென்ன நட்டம்?" என்று என் புருசன் கேட்டார். சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றேன். வேறு என்ன சொல்ல?

செய்தி வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை சிஞ்ஞோரா என்னை அனுப்பிக் கேக் வாங்குவித்தா. அவளுடைய நாட்டுக்கு விடிவாம், கொண்டாட வேண்டுமாம். நானே வாங்கி, நானே வெட்டி, நானே தட்டில் வைத்துக் கொடுத்தேன். உண்மையில் அவள் கேக்கைத் தொடவில்லை. பிள்ளையிடமிருந்து பத்து நாளாக ஒரு தகவலும் இல்லாமல் அவள் முகம் செத்துப்போய் இருந்தது. அது என் கண்ணுக்குத் தெரிந்தது, மனதுக்குத் தெரியவில்லை.

அன்று அவள் மருந்துக்கடைக்குப் போன நேரம் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண்குரல், பாதி பிரெஞ்சு பாதி இத்தாலியன். அவளுடைய தங்கச்சி, அக்காவிடம் போனில் பழகின இத்தாலியன். சண்டைக்குப் பயந்து பிள்ளையோடு ஆற்றைக் கடந்து அக்கரையில் மற்ற நாட்டுக்கு வந்துவிட்டாளாம். ஒரு போன் கடையில் நிற்கிறாளாம், அக்காவை உடனே எடுக்கச் சொல்லட்டாம். இலக்கத்தைச் சொன்னாள். எழுதினேன். இலக்கத்துக்குக் கீழே திகதியையும் பன்னிரண்டு இருபது என்று நேரத்தையும் எழுதினேன். எங்களுக்கு அது பழகிப்போனது. வவுனியாவில் போன் கடையில் ஒருத்தர் எவ்வளவு நேரம் நிற்பார், எப்போது ஆமி கொடுத்த பாஸ் முடிந்து திரும்பவேண்டும் என்றெல்லாம் கணக்குப் பார்க்க, நேரம் எழுதாத இலக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது.

அவள் வந்ததும் சொல்லத்தான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் அவளோடு ஒன்றாகப் படியேறி வந்தது சிஞ்ஞோராவின் மகன், அவர் வழக்கறிஞர். வந்தவர் அவளுடைய தோளில் தட்டி, "சண்டை முடிஞ்சுது, இனி உன்ர பிள்ளையின்ர பத்திரத்தை நானே நிண்டு பார்க்கிறன்" என்றார். நான் கைதுடைக்கும் துணியோடு நின்று, "சிஞ்ஞோர், என்ர பிள்ளையின்ர?" என்று கேட்டேன்.

"உன்ர விசயம் சிக்கலப்பா. பொறு."

ஏப்ரன் பைக்குள் அந்தத் துண்டு இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தேன். எல்லாமே உனக்குத்தானா, நீயும் கொஞ்சம் பொறன் என்று நினைத்தேன். போன் கடையில் ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை போனதும் கொடுத்தேன். "உனக்குப் போன் வந்தது" என்று மட்டும் சொன்னேன். எப்போது என்று சொல்லவில்லை. அவள் துண்டை வாங்கிப் பார்த்தாள். திகதியைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கையெழுத்தே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. ஓடிப்போய் இலக்கத்தைச் சுழற்றினாள். கடைக்காரன், அந்தப் பெண் நேற்றுப் பின்னேரம்வரை வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றானாம்.

மூன்று கிழமை ஒரு தகவலும் இல்லை. அதற்கிடையில் அக்கரை நாட்டிலும் சண்டை வெடித்துவிட்டது. செய்தியில் அந்த நகரத்தை எரிய எரியக் காட்டினார்கள். இப்போது அவளைச் சோபாவில் இருத்திச் சிஞ்ஞோரா கையைப் பிடிக்கும்போது நான் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஐயோ கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் ஆகக்கூடாது" என்று எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். அவள் சிஞ்ஞோராவிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். சொல்லாமல் விட்டாளே என்று அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. என்னைப்போல ஒரு சனியன் இருக்குமா?

இருபத்திரண்டாம் நாள் போன் வந்தது. அவளே எடுத்தாள். தங்கச்சியும் பிள்ளையும் ஆற்றைத் திரும்பக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அவள் நிலத்தில் இருந்து அழுதாள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். குடித்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

கார்த்திகையில் பிள்ளைக்கு விசா வந்தது. ரோமாபுரிவரை விமானத்தில், அங்கிருந்து ரயிலில், அவர்களுடைய ஊர்க்காரி ஒருத்தி கூட்டி வருகிறாள் என்றார்கள். ஐந்து மாதமாக வேலை விசயம் தவிர என்னோடு கதைக்காதவள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஸ்தாசியோனேக்கு என்னோடை வாறியா?"

"நானா? நான் என்னத்துக்கு?"

"தனியப் போகப் பயமாக் கிடக்கு. இதெல்லாம் விளங்கிற ஆள் இஞ்சை நீ மட்டும்தான்."

ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் காலை ரயிலுக்கு நின்றோம். அவள் புதுச் சட்டை போட்டுத் தலை பின்னி வந்திருந்தாள். என் வயிறு பழையபடி எரிந்துகொண்டுதான் இருந்தது. ரயில் வந்தது. ஊர்க்காரி இறங்கினாள், பிள்ளை இறங்கியது. மெல்லிய நீளக் கால்கள். என் மகளும் இந்த உயரம் இருப்பாளா என்றுதான் முதலில் பார்த்தேன்.

அவள் முழங்காலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். பிள்ளை வரவில்லை. ஊர்க்காரியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீறிட்டு அழுதது. அவர்களுடைய பாசையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அது அம்மா என்ற சொல் என்று எனக்கும் விளங்கியது.

"பார், அம்மா எண்டு உன்னைத்தான் கூப்பிடுறாள்" என்றேன், ஆறுதலுக்கு.

அவள் நீட்டிய கைகளை மடக்கவில்லை. "என்னை இல்லை. என்ர தங்கச்சியைக் கேக்கிறாள். அம்மாட்டைத் திரும்பக் கொண்டுபோய் விடட்டாம்."

அந்த வருடத்தில் முதல்முறையாக எனக்கு அவள்மேல் பொறாமை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வவுனியாப் போன் கடைக்கு எடுத்தேன். வழக்கம்போலப் பிள்ளை முதலில் வந்து, "அம்மா, சுகமா இருக்கிறியளோ? நான் வடிவாப் படிக்கிறன்" என்று ஒப்புவித்துவிட்டுப் போனாள். அதைக் கேட்டு நான் நாலு வருடம் சந்தோசப்பட்டிருக்கிறேன். தங்கச்சி போனை வாங்கினாள். நாலு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"பிள்ளை உன்னை என்னெண்டு கூப்பிடுறவள்?"

"என்னக்கா திடீரெண்டு?"

"சொல்லன்."

"சின்னம்மா எண்டுதான் அக்கா. நான் அப்பிடித்தானே சொல்லிக் குடுத்தனான்..."

அவள் சொல்லி முடிக்கமுன் பின்னால் என் மகளின் குரல் கேட்டது. என்னோடு கதைத்தபோது இல்லாத செல்லம் அதில் இருந்தது.

"அம்மா, கெதியாக் கதைச்சு முடியணை, வீட்டை போவம்."