மேஸ்திரிக்குக் காட்ட ஓர் ஊசி

மரக்காணம் உப்பளத்தில் நானும் அக்காவும் வேலை பார்த்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காய்ச்சல் என்று யாராவது ஒரு நாள் வராமல் போனால், மறுநாள் மேஸ்திரியிடம் ஊசி போட்ட இடத்தைக் காட்ட வேண்டும். பஞ்சும் பிளாஸ்திரியும் ஒட்டிய கையைக் காட்டினால்தான் நாம் உப்பு வாரும் பாத்தி நமக்கு. இல்லாவிட்டால் அன்றைக்கே வேறு ஆள் அதில் இறங்கிவிடுவான். பிறகு மழை வந்து உப்பளம் மூடுகிற வரைக்கும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

மேஸ்திரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரை ஏமாற்றாத ஆளே அங்கே கிடையாது. அனுமந்தைக்கு வலை இழுக்கப் போனவனும் காய்ச்சல் என்பான், பெருமுக்கல் மலைக்குச் சாமி கும்பிடப் போனவனும் காய்ச்சல் என்பான். பாண்டிச்சேரியில் சினிமா பார்த்துவிட்டு வந்து நானே இரண்டு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். யாராவது டாக்டர் சீட்டு கொண்டுவந்தால், என்னைக் காட்டி இவன் எழுதியது என்பார். பாதி நேரம் அது உண்மைதான். எட்டாவது வரைக்கும் படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே எழுத்து வேலை அதுதான். கடைசியில் மேஸ்திரி ஊசியில் வந்து நின்றார். "எவனும் சும்மா போயி ஊசி குத்திகினு வரமாட்டான்" என்பது அவர் கட்சி.

பழைய டாக்டர் இருந்தவரைக்கும் இதில் தொந்தரவு இல்லை. அவருடைய ஸ்டவ்வின் மேல் கண்ணாடி சிரிஞ்ச் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். தும்மினால் பென்சிலின், இருமினால் பென்சிலின். இடுப்பில் போட வந்தால், "கையிலயே போடுங்க டாக்டர், மேஸ்திரிக்குக் காட்டணும்" என்போம். அவரும் சிரித்துக்கொண்டே கையில் போடுவார். கூடவே கறுப்பும் சிவப்புமாக நாலு கேப்சூல். அவர் வயதாகி மகன் வீட்டுக்கே போய்விட்ட பிறகு அதே கட்டிடத்துக்குப் புது டாக்டர் வந்தார். புது என்றால் ஊருக்குத்தான் புது. பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை செய்து களைத்து வந்தவர்.

உப்பளத்தில் நானும் அக்காவும் ஒரு ஜோடி. நான் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பேன், அவள் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் குவியலில் கொட்டுவாள். பாத்திக்கு ஒரு ஜோடி என்பது கணக்கு. ஒருவர் நின்றால் இருவரும் நின்ற மாதிரிதான். புருஷன் போன பிறகு அவளுக்கும், பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு எனக்கும் அந்தப் பாத்தி ஒன்றுதான் இருந்தது.

பங்குனியில் அக்காவுக்குச் சளியோடு காய்ச்சல் வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் தொண்டையைப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்துக் கேட்டார்.

"சாதாரண சளிக்காய்ச்சல்மா. மூணு நாள்ல தானா போயிடும். உப்புத் தண்ணியில வாய் கொப்புளிச்சிட்டு நல்லா படுத்துக்கோ."

"உப்புத் தண்ணியிலதாங்க நாள் பூரா நிக்கிறோம்" என்றேன் நான்.

அவர் சிரிக்கவில்லை. "ஊசி?" என்று அக்கா கேட்டாள்.

"வேணாம்மா."

"தானா போவும்னா நீங்க எதுக்குங்க டாக்டர் இங்க குந்திகினு இருக்கீங்க?" என்றேன்.

"தானா போகாததுக்கு" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். பல தடவை சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல். "பென்சிலின் சளிய ஒண்ணும் பண்ணாது. சும்மா சும்மா போட்டா கிருமிங்க அதுக்குப் பழகிடும். நெஜமா தேவைப்படறப்ப மருந்து கேக்காது. சில பேருக்கு அந்த ஊசியே ஆகாது. போட்ட கையோட என் கண்ணு முன்னாடி ஒரு பொண்ணு போயிட்டா."

அக்கா ரவிக்கைக் கையை மேலே ஒதுக்கினாள். "தண்ணியவாவது ஏத்துங்க டாக்டர். ஓட்டை தெரிஞ்சா போதும்."

"பொய்க்கு நான் ஊசி எடுக்க மாட்டேன்மா."

மேஸ்திரி விஷயத்தை நாங்கள் சொல்லவே இல்லை. ஊருக்கே தெரிந்த சமாச்சாரம் டாக்டருக்கு மட்டும் தெரியாமல் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஊசி போட்டால்தான் குணமாகும் என்று நம்புகிற ஜனம் என்று அவர் எங்களை நினைத்துக்கொண்டார். தெரிந்தே கழுத்தறுக்கிறார் என்று நாங்கள் அவரை நினைத்துக்கொண்டோம்.

திரும்பி நடந்தோம். பாத்தி போய்விடும் என்பதுதான் அவள் முகத்தில் இருந்தது. வழியோரம் வேலிகாத்தான் புதர். நீளமாக ஒரு முள்ளை ஒடித்தேன்.

"கைய நீட்டு."

"எதுக்குடா?"

"பழைய டாக்டர் போயிட்டாரு. இனிமே நான்தான் டாக்டரு."

பழைய டாக்டர் ஸ்பிரிட்டால் துடைப்பார். நான் முள்ளை லுங்கியில் துடைத்தேன். புஜத்தில் ஒரு குத்து. ஒரு துளி ரத்தம். அதன்மேல் வழியில் கடையில் வாங்கிய பஞ்சும் பிளாஸ்திரியும். வலியிலும் அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் காலை மேஸ்திரி குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, புது டாக்டரு ஊசியே போட மாட்டாராமே?"

"எனக்குப் போட்டாருங்க."

"சரி, எறங்கு."

அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே பக்கத்துப் பாத்தி ஆட்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். முள் டாக்டர் என்று பேர் வைத்தார்கள். நானும் நாடியெல்லாம் பிடித்துப் பார்த்து, "மூச்ச இழுத்து விடு, பொண்டாட்டிய நெனச்சிக்காத" என்று சொல்லிக் குத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். வெயிலில் அந்த ஒரு சிரிப்புதான் எங்களுக்கு நிழல்.

ஒருநாள் டீக்கடையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவைப் பார்த்தேன்.

"இப்பல்லாம் யாரும் ஊசி கேட்டு அடம் பிடிக்கறதில்ல, கவனிச்சியா? பொறுமையா எடுத்துச் சொன்னா ஜனங்களுக்குப் புரியுது."

"ஆமாங்க டாக்டர்" என்றேன்.

சித்திரையில் அக்காவுக்கு மறுபடியும் ஒருநாள் காய்ச்சல். மறுபடியும் முள். இந்தத் தடவை இரண்டாம் நாளே அவள் இடது கையைத் தூக்காமல், வலது கையால் மட்டும் கூடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டதற்கு, "உன் வேலைய பாருடா" என்றாள். இன்னொரு நாள் நின்றால் இன்னொரு ஓட்டை காட்ட வேண்டும் என்று பயம். பிளாஸ்திரிக்குள் உப்புநீர் ஊறிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் உச்சி வெயிலில் கூடை சரிந்து, உப்போடு அவளும் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ரவிக்கைக் கையை ஒதுக்கிப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் சிவந்து, தொட்டால் கொதித்தது.

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பக்கத்திலேயே ஆறிப்போன பழைய தழும்பையும் பார்த்தார். "இது என்ன?"

சொன்னேன். மேஸ்திரி, பாத்தி, முள், மற்றவர்கள் எல்லாவற்றையும் சொன்னேன். எதிலும் வேடிக்கை சேர்க்க முடியவில்லை. அவர் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

"புரிஞ்சுகிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

பிறகு எழுந்து சிரிஞ்சைக் கொதிக்க வைத்தார். கொஞ்சமாகத் தோலுக்கடியில் போட்டு, உடம்புக்கு ஆகிறதா என்று அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சீழைக் கீறி எடுத்துவிட்டு பென்சிலின் போட்டார். "இதுக்குத்தாம்மா இந்த மருந்து. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கையே போயிருக்கும்."

அஞ்சு நாள் அஞ்சு ஊசி. ஆறாம் நாள் கட்டோடு அக்கா மேஸ்திரி முன்னால் போய் நின்று, ஊசி போட்ட இடங்களைக் காட்டினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முள் கதை அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"இது முள்ளா, ஊசியா?"

"சத்தியமா ஊசிங்க."

"போன தபாவும் அப்பிடித்தானம்மா சொன்ன."

எங்கள் பாத்தியில் வேறு ஒரு ஜோடி உப்பு வாரிக்கொண்டிருந்தது.

நான் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு என்னோடு உப்பளத்துக்கே வந்தார். வரப்புச் சேற்றில் அவர் செருப்பு இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. மேஸ்திரி தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார்.

"அந்தம்மாவுக்கு நான்தான் ஊசி போட்டேன்."

"நீங்க சொன்னா சரிங்க. ஆனா ஆள எறக்கிட்டேன். அந்த ஜோடிய இப்ப எப்பிடிங்க ஏத்தறது? அவங்களும் புள்ளகுட்டிக்காரங்க."

டாக்டர் பாத்தியில் இருந்த ஜோடியைத் திரும்பிப் பார்த்தார். "இனிமேலாவது ஊசிய கேக்காதீங்க. என்னைப் பாத்துட்டு வந்தாங்களான்னு மட்டும் பாருங்க."

"எத வச்சிங்க பாக்கறது? சீட்டு எழுத இவன் ஒருத்தன் இருக்கானே."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தை எடுத்து, தன் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "பாத்து அனுப்பறவங்களுக்கு இதப் போடறேன், அழியற வரைக்கும் பாத்தி அவங்களுது. சோப்பு போட்டாலும் ரெண்டு மூணு நாளைக்குப் போகாது. சளிக்கும் அவ்வளவு நாள்தான் ஓய்வு வேணும்."

மேஸ்திரி அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "பாப்பம்" என்றார்.

அதன் பிறகு உப்பளத்தில் புறங்கை ஊதாவாக ஆட்கள் திரிந்தார்கள். முள்ளும் நின்றது, வீண் ஊசியும் நின்றது. எங்களுக்கு மட்டும் பாத்தி இல்லை. அந்த சீசன் முழுக்க ரோட்டோரம் லாரிக்கு மூட்டை தைத்தோம். அக்காவுக்கு இடது கை தோளுக்குமேல் தூக்க வராது. அந்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி இருக்கிறது. இருந்தாலும் மூட்டை தைக்க ஒரு கையும் பாதியும் போதும் என்பாள்.

ஆடியில் அவளுக்கு மறுபடியும் சளி. தானே நடந்து டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். எங்களுக்கு மேஸ்திரி கிடையாது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் புறங்கையில் ஊதாக் கோடு போட்டுக்கொண்டு வந்து, மூட்டைமேல் உட்கார்ந்திருந்த என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நல்லா பாத்துக்கடா, முள் டாக்டரு. நான் படுக்கப் போறேன்."

கோணியூசியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். அழியவில்லை.

"சரி, போய்ப் படு" என்றேன்.