ஊதிப் பார்த்த நத்தை ஓடு

குளிக்கும்போது முதுகில் தண்ணீர் பட்டால் எரிகிறது என்று மகள் சொன்னாள். அதுதான் தொடக்கம். அவளுக்குப் பதினோரு வயது. குளிக்கச் சோம்பல் என்று நினைத்தேன். மறுநாள் தலைவலி, அதற்கடுத்த நாள் வாந்தி. சட்டை உரசினாலே தோள் காந்துகிறது என்று அழுதாள்.

தூத்துக்குடியில் எங்கள் தெரு மருத்துவர் மாத்திரை கொடுத்து, கண்ணையும் சோதிக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் காலை இட்லித் தட்டைப் பார்த்தபடி, "ரெண்டு தட்டு தெரியுதுப்பா" என்றாள். அன்றே திருநெல்வேலி மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.

அங்கே மருத்துவர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, தாடை நெஞ்சைத் தொடும்படி குனியச் சொன்னார். பாதியில் கழுத்து நின்றுவிட்டது. மூளையுறை அழற்சியாக (மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையின் வீக்கம்) இருக்கலாம் என்றார். முதுகுத்தண்டு நீர் (இடுப்புப் பக்கம் எலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி எடுப்பது) எடுத்தார்கள். அது சொட்டாக வராமல் பீறிட்டு வந்ததாம். தலைக்குள் அழுத்தம் அவ்வளவு இருந்திருக்கிறது.

அந்த நீரில் இயோசினோஃபில் (புழுத்தொற்றிலும் ஒவ்வாமையிலும் பெருகும் ஒருவகை வெள்ளை அணு) நிறைய இருந்தது. எலியின் உடலில் வாழும் ஒரு புழு நத்தை வழியாக மனிதருக்குள் வந்து இப்படிச் செய்வதுண்டு என்றார். நத்தை சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

"எங்க வீட்ல முட்டையே கிடையாது டாக்டர்" என்றாள் என் மனைவி.

வளர்க்கிறோம் என்று நான் சொன்னேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் மனைவியின் ஊர் வாய்க்காலில் மகள் பிடித்து வந்த ஆறு நத்தைகள். பழைய ஊறுகாய் ஜாடி. வடிகட்டியும் இல்லை, காற்றுக்குழாயும் இல்லை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்து, பாதி மாற்றுவாள். ஓடு கெட்டிப்பட நான் சங்குப்பொடி கொண்டுவந்து போட்டேன். தொடுவதால் மட்டும் வருவது அரிது, வாய் வழியாகப் போயிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். இல்லை என்று இருவரும் தலையாட்டினோம். காசநோயாலும் மூளையுறை வீங்கும் என்பதால், அதற்கான மருந்தும் தொடங்கலாமா என்று அவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். அவளுக்கு இன்னும் எல்லாம் இரண்டாகவே தெரிந்தது. பார்வை தப்புமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் முகநரம்பைச் சோதிக்க, கன்னத்தை உப்பி ஊதச் சொன்னார். மகள் உதட்டை ஓரமாக இறுக்கி ஊதினாள். நான் சொல்லிக்கொடுத்த விதம் அது.

என் வேலை, கோயிலில் ஊதும் சங்குகளுக்கு முனை வெட்டுவது. வெட்டிய ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதிப் பார்த்த பிறகே பெட்டியில் அடுக்குவோம். எங்கள் பட்டறையில் யாரும் சங்கை அசுத்தம் என்று நினைத்ததில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஜாடியில் ஒரு நத்தை செத்தது. மகள் ஓட்டைக் கழுவி, என் அரத்தால் முனையை ராவி, ஊதினாள். உள்ளே சதை ஒட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. சத்தம் வரவில்லை என்று அவள் சிணுங்க, நானே வாங்கி ஊதிக் காட்டினேன்.

மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது, இதுவே வழியாக இருக்கலாம் என்றார். காசநோய் மருந்து யோசனையைக் கைவிட்டார்கள். முதல் நாளே தொடங்கிய ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) தொடர்ந்தது. அழுத்தத்தைக் குறைக்க இன்னும் இருமுறை நீர் எடுத்தார்கள்.

வராந்தாவில் மனைவி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "ஏங்க, நீங்களும் ஊதுனீயளா?" என்றாள். பிறகு வெகுநேரம் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் எட்டாம் நாள் மகள் என் விரல்களைச் சரியாக எண்ணினாள். மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்தோம். ஜாடியை மனைவி ஏற்கெனவே அப்புறப்படுத்தியிருந்தாள்.

இதே பயத்தோடு மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்குச் சாதாரணமாகத் தோன்றுவதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நான் ஒரு நாளை வீணாக்கினேன்.

பட்டறையில் இப்போது சங்கை மூன்று தடவை கழுவுகிறேன். "அண்ணாச்சி, கழுவியே சங்கக் கரைச்சிருவீய போலிருக்கே" என்று பக்கத்தில் இருப்பவர் கேலி செய்கிறார். வாயருகே கொண்டுபோனதும் மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது.

எனக்கு வருவதாக இருந்தால் இதற்குள் வந்திருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருந்தும் ஒவ்வொரு காலையும் முதுகில் முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, எரிகிறதா என்று நின்று பார்க்கிறேன். அதன் பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்குகிறது.

பள்ளிக்குக் கிளம்பும் முன் மகளைக் குனியச் சொல்வேன். இப்போதெல்லாம் நான் கேட்கும் முன்பே தாடையை நெஞ்சில் தொட்டுக் காட்டுகிறாள். நேற்று பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இப்ப நீங்க குனிங்கப்பா."

குனிந்தேன். தாடை நெஞ்சைத் தொட்டது. சரிதானா என்று அவள் தன் விரலை இடையில் நுழைத்துப் பார்த்தாள்.