காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு ஊசி

நோய் வந்த பிள்ளைக்கு ஊசி போடுகிறவரைத் தாய்மார் கும்பிடுவார்கள். ஒரு நோயும் இல்லாத பிள்ளையைத் தேடிப் போய் ஊசிக்குச் சம்மதம் கேட்கிறவளை தோட்டத்து லய வீடுகளின் நாய்கூட மதிக்காது. அதுதான் என் வேலை. இப்போது ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதோடு ஆறாவதையும் சேர்த்தால் அதே பாதுகாப்புக் கிடைக்குமா என்று பார்க்கும் ஆய்வு. பாதிப் பிள்ளைகளுக்கு வழக்கமான ஊசிகள், மீதிப் பேருக்குப் புதியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு மாத இடைவெளியில் மூன்று தடவை. இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்கள் என் பங்கு. வாசல் வாசலாக நின்று பேசிப் பிழைக்கும் யாருக்கும் என் கால்வலி புரியும்.

சீக்காளிப் பட்டாளம்

சுகமான பிள்ளைகளை மட்டுமே சேர்க்கலாம் என்பது விதி. அதனால் என் முதல் கேள்வியே, "பிள்ளை நல்லா இருக்கா?" போன இடமெல்லாம், "எங்க மிஸ், பாலே குடிக்கிறதில்ல, ஒரே இருமல்" என்றுதான் பதில். நானும் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தேன். ஆனால் அந்தத் தாய்மாரின் மடியில் இருந்ததெல்லாம் கொழுகொழுவென்று மணிக்கட்டில் மடிப்பு விழுந்த, கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்த பிள்ளைகள். என் மகனை யாராவது விசாரித்தால் நானும் இப்படித்தான் சொல்வேன் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மறுநாளே திரும்பப் போனேன். கௌசல்யா என்ற தாயை வாசலிலிருந்து அவள் வீட்டுக்குள் அழைத்துப்போய், "கடைசியா எப்ப காய்ச்சல் வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டேன். வந்ததே இல்லையாம். நேற்று ஏன் மாற்றிச் சொன்னாய் என்றேன். "வாசல்ல நாலு பேரு நிக்கிறப்ப புள்ள நல்லா இருக்குன்னு சொல்லிக் கண்ணு வாங்கிக்கவா?"

பதில் தெரியாத கேள்வி

கௌசல்யா லேசில் ஒப்பம் வைக்கிற ஆளில்லை. "இத கொழும்புல பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்கும் போட்டுப் பாக்குறாங்களா, தோட்டத்துப் புள்ளைங்களுக்கு மட்டுந்தானா?" என்றாள். எனக்குத் தெரியாது. என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "என்னத்தையாவது சொல்லி ஒப்பம் வாங்குங்க" என்றார். கோபம் தலைக்கேறியது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கள் அம்மாமாரிடம் என்னத்தையாவது சொல்லி வாங்கிய கைநாட்டுகள் எத்தனை!

ஒப்பம் வாங்காமலே இறங்கினேன். நுவரெலியா அலுவலகத்தில் ஆய்வு டாக்டர் வரும்வரை நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். வந்தவர், கொழும்பு நகரத்துப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள் என்று பட்டியலைக் காட்டினார். அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு மறுபடி மலையேறினேன். கௌசல்யா இரண்டு தடவை வாசித்தாள். "ஒப்பம் வைக்கிறேன். ஆனா ஒரு பிரதி எங்கிட்ட இருக்கணும், நாளைக்கு நீங்க மாத்திப் பேசுனா காட்டணுமில்ல?"

இரண்டாம் ஊசிக்குப் பிறகு

இரண்டாம் ஊசி போட்ட அன்று பிள்ளைக்குக் காய்ச்சல். ஊசிக்கு வழக்கமாக வருகிற காய்ச்சல்தான். ஆனாலும் மறுநாள் காலையிலேயே போய், அது இறங்கும்வரை கூடவே இருந்தேன். கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவள் புருஷன், இதோடு நிறுத்து என்று போனில் சத்தம் போட்டான். கௌசல்யா என் முகத்தைப் பார்த்தாள். "விலகலாமா மிஸ்?"

மூன்றாம் ஊசி போடாவிட்டால் இத்தனை மாதப் பாடும் வீண். என் பட்டியலில் ஏற்கெனவே நான்கு பேர் விலகியிருந்தார்கள். கெஞ்சத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, "தாராளமா விலகலாம். வழக்கமான ஊசியை மட்டும் கிளினிக்ல தவறாமப் போட்டுருங்க" என்றேன். இறங்கும் வழியெல்லாம் அழுதேன். அதன் பிறகு பிள்ளை எப்படி இருக்கிறது என்று விசாரித்ததோடு சரி, மூன்றாம் ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்றாம் ஊசிக்கான நாளும் வந்தது. நல்ல மழை. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஊசிப் பெட்டியை மூடப் போனார். அப்போது கௌசல்யா பிள்ளையைப் போர்த்தி அணைத்தபடி உள்ளே வந்தாள். பின்னால் கொழும்பிலிருந்து வந்திருந்த புருஷன், குடையோடு. அவனுக்கும் ஒருமுறை படிவத்தில் இருந்த எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஊசி போட்டு முடிந்ததும், எப்படி மனசு மாறியது என்று கேட்டேன். "நீங்க கெஞ்சியிருந்தா வந்திருக்க மாட்டேன் மிஸ்."

ஊசி குத்துவது டாக்டரின் உத்தியோகம். 'வேணாம்னா விடுங்க' என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என்னுடையது.