பெருமாள் வந்த நாளில் ஊற்றாத ஆயில்

எங்கள் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஜாம் ஆனது ஒரு சித்திரைத் திருநாளின்போது. காரணத்தைச் சொன்னால் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அன்று காலை என் கணவர் வாசலில் உட்கார்ந்து வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். அடி நட்டைக் கழற்றி, கறுத்துப்போன பழைய ஆயிலை ஒரு தகரத் தட்டில் வடியவிட்டிருந்தார். அதற்குள் வீதிமுனையில் மேளம் கேட்டது. பெருமாள் எழுந்தருளும் வீதி எங்களுடையது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடவேண்டிய இடத்தில் ஒரு வண்டியும் எண்ணெய்த் தட்டும் கிடந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

"ஏன்னா, பெருமாள் வந்துட்டார்! இந்தக் கண்றாவியையெல்லாம் முதல்ல எடுங்கோ!" என்று கத்தினேன்.

அவர் அவசரமாக நட்டை முடுக்கி, வண்டியைச் சந்துக்குள் தள்ளிவிட்டு, தலைக்கு நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, திருமண் இட்டுக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்குப் பெருமாள் எங்கள் வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றதாக எனக்குத் தோன்றியது. திவ்யமான சேவை. இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது. புது ஆயில் டப்பா மூடி திறக்காமல் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை யார் நினைத்தார்கள்?

அந்த வண்டிதான் எங்கள் பிழைப்பு. அவர் கணக்குப் பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, நான் வீட்டில் தளிகை பண்ண, அவர் கேரியர்களில் எடுத்துப்போய் உறையூரிலும் மன்னார்புரத்திலும் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துவந்தார். என் சாத்தமுதை ரசம் என்று சொல்லித்தான் குடிப்பார்கள். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பவர்களை நான் திருத்துவதில்லை.

அன்றும் கேரியர்களை மாட்டிக்கொண்டு கிளம்பினார். காவிரிப் பாலத்தின் பாதியில் தீய்ந்த வாடை வந்திருக்கிறது. யார் வீட்டிலோ அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்தாராம், பாலத்தின் மேல்! அடுத்த நிமிடம் எஞ்சின் கிறீச்சிட்டு இறுகிப் பின்சக்கரம் நின்றுபோனது. விழாமல் சமாளித்தது பெரிய காரியம். கூட்டு மட்டும் கொட்டியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பெருமாளே சொல்லிட்டார் பாரு. இது நமக்கு வேண்டாம்னு. நான் சென்னைக்கே போயிடறேன்."

அவருடைய அத்திம்பேர், அக்காவின் கணவர், சென்னையில் ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இவர் அங்கே அறை எடுத்துத் தங்குவார், மாதம் ஒருமுறை வந்துபோவார். பெண்ணுக்குக் கல்யாணமாகிப் போனபின் வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். அதிலும் ஒருவர் போய்விட்டால் யாருக்கு நான் காபி கலப்பது?

"பெருமாளுக்கு வேற ஜோலி இல்லையா? ஆயில் விட மறந்தது நீங்க, விரட்டினது நான். அவர் தலையில ஏன் கட்டறேள்?" என்று வெடித்தேன். அவர் சட்டையைக் கழற்றி நிதானமாகக் கொடியில் போட்டார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து கேரியர்களை நானே பஸ்ஸில் எடுத்துப்போனேன். கண்டக்டர், "மாமி, பஸ்ஸுக்குள்ள இப்படிச் சாம்பார் வாசனை வந்தா நான் எப்படிங்க டிக்கெட் கிழிக்கிறது?" என்றார். சிரித்தேன். ஆனால் கை இற்றுப்போனது. இப்படி எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

வண்டி உறையூரில் ஒரு மெக்கானிக்கின் கடையில் கிடந்தது. எஞ்சினைப் பிரிக்கும் நாளில், வரமாட்டேன் என்றவரை நான்தான் இழுத்துப்போனேன். மெக்கானிக் வாயாடி. "ஆயிலே இல்லாம பாலம் வரைக்கும் வந்துச்சே, அதுவே ரெங்கநாதர் புண்ணியங்க!" என்றார். என் கணவர் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு எரிச்சல். இந்த மெக்கானிக்கும் பெருமாளையே இழுக்கிறாரே!

பிஸ்டன் முழுக்கக் கீறல். அது ஓடும் சிலிண்டரின் உள்சுவரிலும் வரிவரியாகக் கீறல். "இதைக் கடைஞ்சு புது பிஸ்டன் போட்டுடலாங்க. ஆனா கீழே கிராங்க், அதான் பிஸ்டன் சுழட்டுற தண்டு, போயிருந்தா, வண்டியை எடைக்குப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான்" என்றார் மெக்கானிக். பிஸ்டனைத் தாங்கும் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தார். "ஆட்டம் இருக்கிற மாதிரி இருக்கே" என்றார்.

அதுவரை ஓரமாகச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்தார். "நன்னா துடைச்சுட்டுப் பாருங்கோ" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகத் தானே உட்கார்ந்துவிட்டார். எரிந்துபோன ஆயில் கட்டி கட்டியாகக் கரைந்து வந்தது. வீட்டில் காபி டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷன், அந்த எஞ்சினைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினார்.

மெக்கானிக் மறுபடி இழுத்துப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். இன்னொரு தடவையும் இழுத்தார். "பக்கவாட்டுலதாங்க அசையுது. அது இருக்க வேண்டியதுதான். மேல கீழ ஆட்டமே இல்லை. கிராங்க் தப்பிச்சிருச்சுங்க!"

எனக்கு அழுகை வந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

சிலிண்டரைக் கடைசல் பட்டறைக்கு எடுத்துப்போனது அவர்தான். அங்கேயே காத்திருந்து, துணியில் சுற்றி வாங்கிவந்தார். எஞ்சினை மாட்டிய அன்றும் நான் கூடப்போனேன். ஆயில் ஊற்றும்போது மெக்கானிக் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்து, "ரெண்டு பேரும் சாட்சிங்க" என்றார். உதைத்தார். கிளம்பவில்லை. இன்னும் உதைத்தார். இருமியது, அணைந்தது. என் கணவர் அவரை நகரச் சொல்லிவிட்டு ஏறி நின்று ஓங்கி ஒரு உதை விட்டார். கரும்புகை ஒன்றைக் கக்கிவிட்டு எஞ்சின் ஓட ஆரம்பித்தது. அவருடைய முகத்தைப் பார்ப்பதா, எஞ்சினைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

"புது பிஸ்டன், பழகுற வரைக்கும் விரட்டக் கூடாதுங்க. மாசக்கணக்குல மெதுவாத்தான் ஓட்டணும். பாரமும் பாதிதான் ஏத்தணும்" என்றார் மெக்கானிக்.

வேண்டாத கவலை ஒன்று எனக்குள் புகுந்தது. மாசக்கணக்கில் என்றால் இவர் எங்கே இருக்கப்போகிறார்? நான் அவரைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அப்போ உறையூருக்கு ஒரு நடை, மன்னார்புரத்துக்கு ஒரு நடைன்னு ரெண்டா போகணும். நாளையிலேர்ந்து சீக்கிரமே உலை வெச்சுடுவியோன்னோ?"

வைக்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.