கற்பூரம் அடித்த கை

எங்கள் ஊரில் கைப்பந்து ஆடத் தெரிந்தவர்கள் ஒரு டஜன் பேர் இருந்திருப்பார்கள். அதைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் மீதி ஊர் முழுக்க இருந்தார்கள். நான் இரண்டாவது கூட்டம். எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லில் எங்கள் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். படித்த மூன்று வருஷத்தில் நான் மைதானத்துக்குள் இறங்கியது ஒரே ஒரு முறை. வெளியே உருண்டு வந்த பந்தை எடுத்துக் கொடுத்தேன், அதையும் ஒழுங்காக எறியவில்லை.

அந்த பெஞ்சுக்குத் தலைவர் ஒருத்தர் உண்டு. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எட்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் ‘நம்ம காலேஜு’ என்று அவர் சொல்லும்போது பிரின்சிபாலுக்குக்கூட அவ்வளவு உரிமை இருந்திருக்காது. தோற்றால் இரண்டு நாள் பட்டறையில் கூலிக்காரர்கள்மேல் எரிந்து விழுவார், ஜெயித்தால் தானே ஆடி ஜெயித்த மாதிரி தோளைத் தேய்த்துக்கொள்வார். அவருக்கு ஒத்து ஊத நானும் டீக்கடைக்காரரும் இருந்தோம். டீக்கடைக்காரர் கடைக்குள் நின்றபடியே, ஆட்டத்தைப் பார்க்காமலே, எல்லா ஆட்டத்துக்கும் தீர்ப்புச் சொல்வார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்த இரண்டாவது வருஷம் சேலத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு ஒரு பையன் எங்கள் கல்லூரியில் கடைசி வருஷம் சேர்ந்தான். ராசிபுரத்துக்காரன். வலைக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். கைப்பந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அடிக்கிறவனுக்குத்தான் கைத்தட்டல், ஆனால் ஆட்டம் தூக்கிக் கொடுக்கிறவன் விரல் நுனியில் இருக்கிறது. பந்து எப்படி வந்தாலும் அவன் பத்து விரலால் வாங்கி, அடிக்கிறவனுக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய உயரத்தில் நிறுத்துவான். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் எங்களைத் தோற்கடித்தது அந்த விரல்கள்தான்.

அவன் ஏன் வந்தான் என்பதை அவனே சொன்னான். அங்கே கல்லூரிக்கு வேண்டிய ஒருவரின் அண்ணன் மகனும் தூக்கிக் கொடுப்பவனாம். இனிமேல் இவனை உட்கார வைத்துவிட்டு அவனை இறக்குவதென்று முடிவு செய்துவிட்டார்களாம். எங்கள் பி.டி. சார் இவனை ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பேசிக் கூட்டி வந்திருந்தார். இதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை. ஆனால் நேரான காரணத்தை நேராக நம்புவதற்கா நாங்கள் பெஞ்சு தேய உட்கார்ந்திருந்தோம்?

“ஏன்டா, ரெண்டு வருசம் சோறு போட்ட காலேஜ விட்டுப்போட்டு வந்தவன், நம்மள விட்டுப்போட்டுப் போக எத்தன நேரமாவும்?” என்றார் பட்டறைக்காரர்.

“நெசந்தானுங்க,” என்றார் டீக்கடைக்காரர்.

நான் அதற்கு ஆதாரம் சேர்த்தேன். அவன் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ராசிபுரம் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸில் ஏறுகிறான் என்றேன். அவன் வீடு ராசிபுரத்தில் இருந்தது, வேறு எந்த பஸ்ஸில் ஏறுவான்? வாரத்துக்கு ஒருமுறை தன் வீட்டுக்குப் போவது எங்கள் கண்ணுக்குச் சதியாகத் தெரிந்தது. பழைய கல்லூரியின் நீலக் கோடு போட்ட கால்சட்டையைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு ஆடுகிறான் என்றேன். அவனிடம் இருந்ததே அந்த ஒன்றுதான் என்பது கொடியில் காய்வதைப் பார்த்த எனக்கும் தெரியும். புள்ளி எடுத்தால் மற்றவர்கள் குதிக்கிறார்கள், இவன் குதிப்பதில்லை என்றேன். அதுவும் குற்றமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் முழுக்க, அவன் ஏன் குதிக்கவில்லை என்று மூன்று பேர் பேசினோம். இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

சுற்றுப் போட்டியில் பழைய கல்லூரியோடு ஆடி ஐந்தாவது செட்டில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அவன் பழைய சிநேகிதர்களோடு நின்று சிரித்துப் பேசினான். அவ்வளவுதான், வெறும் வாயை மென்றுகொண்டிருந்த எங்களுக்கு அவல் கிடைத்தது. இத்தனைக்கும் அன்று தோற்றது எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் சர்வீஸை இரண்டு தரம் வலையில் அடித்ததால். அவன் உள்ளூர்ப் பையன், அவன் தப்பு விதியாகிவிட்டது.

அந்தத் தோல்விக்கப்புறமும் நாங்கள் இறுதிப் போட்டிக்கு வந்தோம். மறுபடி அதே சேலத்து அணிதான். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மைதானத்தில். அந்த வாரம் பி.டி. சார் டீக்கடைக்கு வந்து எங்களிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

“பாருங்க, ஞாயித்துக்கெழம அரசாங்க டீமுக்கு ஆள் எடுக்கறவரு வாராரு. இந்தப் பையனப் பாக்கத்தான் வாராரு. டீமுல எடுத்தா வேலயும் சேத்துக் குடுத்துருவாங்க. அவங்கப்பா லாரி ஓட்டி முதுகு போயி ஊட்டோட கெடக்கறாரு. இவனுக்கு இது கடைசி வருசம், இத உட்டா வேற வழியில்ல. உங்க வாயக் கொஞ்சம் கட்டி வெய்ங்க சாமி.”

ஆகவே எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் அவனுடைய வேலை இருந்தது, வேலையில் அவன் வீட்டுச் சோறு இருந்தது. சார் போனதும் பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் இளகித்தான் போனார். நான்தான் விடவில்லை. எனக்கு அப்போது வேலை இல்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவன், என் கண்ணெதிரே, பந்தைத் தூக்கிப் போட்டே வேலைக்குப் போகப் போகிறான். இதுதான் என் வயிற்றெரிச்சல். கல்லூரி மானம் என்றெல்லாம் பேசியது வெறும் வேஷம்.

“அரசாங்க வேல கெடைக்கப் போறவன் நம்ம காலேஜுக்கு எதுக்குங்ண்ணா உசுரக் குடுத்து ஆடறான்? ரெண்டு பந்து அழகாத் தூக்கிக் காட்டிட்டுப் பழைய சிநேகிதனுக்கு ஆட்டத்தக் குடுத்துருவான்,” என்றேன்.

இதில் அறிவு ஒரு பொட்டு உண்டா? ஆனால் பட்டறைக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். “அப்படின்னா முனியப்பங்கிட்டக் கூட்டிட்டுப் போயி கற்பூரம் அடிக்கச் சொல்லீரலாம்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் சந்தேகம் வந்தால் அப்படித்தான். கோழி காணாமல் போனாலும், வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிட்டாலும், சாமி முன்னால் கல்லில் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அணைத்தால் சத்தியம். கை சுடாது. தட்டிய வேகத்தில் அணைந்துவிடும். யாரும் அதற்கப்புறம் பேசக்கூடாது, பேசினால் பேசியவனுக்குத்தான் கேடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்து வந்தவனை மைதானத்து ஓரத்தில் இருந்த முனியப்பன் கல்லுக்கு அழைத்தோம். கழுத்தில் துண்டோடு வந்தான்.

“தம்பி, ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத. நாங்க உன்ன நம்பறோம். மத்தவங்க வாய அடைக்கோணுமில்ல?” என்றார் பட்டறைக்காரர். மற்றவர்கள் என்று யாரும் கிடையாது. நாங்கள் மூன்று பேர்தான்.

“நான் என்னங்ண்ணா பண்ணோணும்?”

“ஞாயித்துக்கெழம நம்ம காலேஜுக்கு நெசமா ஆடுவேன்னு கற்பூரம் அடிச்சுச் சொல்லீரு.”

அவன் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தான். “அடிச்சுப்போட்டா இதுக்கு மேல ஒண்ணும் பேச மாட்டீங்கல்லங்க?”

“சத்தியமா பேச மாட்டோம்,” என்றார் பட்டறைக்காரர், கற்பூரம் எதுவும் அடிக்காமலே.

கற்பூரம் வாங்கி வந்தது நான். ஒரு கட்டி போதும். நான் பாக்கெட்டைப் பிரித்து முழுதையும் கல்லில் கொட்டினேன். “ஒண்ணு போதும்டா,” என்றார் டீக்கடைக்காரர். “பெரிய மேட்சுங்க,” என்றேன். பற்றவைத்ததும் தீ முழ உயரத்துக்கு எழுந்தது. அவன் வலது கையை ஓங்கித் தட்டினான். நடுவில் அணைந்தது, ஓரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவன் கையை எடுக்கப் போனான்.

“முழுசா அணையற வரைக்கும் எடுக்கக் கூடாது. எடுத்தா சத்தியம் செல்லாது,” என்றேன்.

அப்படி ஒரு விதி எங்கள் ஊரிலும் இல்லை, வேறு எந்த ஊரிலும் இல்லை. அந்த நிமிஷத்தில் என் வாயில் பிறந்தது அது. மற்ற இருவருக்கும் இல்லையென்று தெரியும், வாயைத் திறக்கவில்லை. ராசிபுரத்துக்காரன், இந்த ஊர் வழக்கம் இப்படி போலிருக்கிறது என்று நினைத்தானோ என்னவோ, கையை விரித்து எல்லாவற்றின் மேலும் அழுத்தினான். உருகின கற்பூரம் விரல்களுக்கு நடுவில் எரிந்தது. அணைந்தபிறகுதான் எடுத்தான். “போதுங்களா?” என்று கேட்டான். போதும் என்றோம்.

மறுநாள் விரல் நுனிகளில் கொப்புளம். பி.டி. சார் பதறிப்போய்க் கேட்டபோது, “ரூமுல ஸ்டவ்வு பத்தவெக்கறப்ப சுட்டுருச்சுங்க சார்,” என்றான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டோம். அவன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதாவது உள்ளே போய்ச் சாரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீ ஆறிவிடும் என்பது போலத் திரும்பி நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் செட்டை வலியோடு ஆடி ஜெயித்துக் கொடுத்தான். இரண்டாவதில் கொப்புளம் உடைந்தது. அதற்கப்புறம் பந்து விரலில் நிற்கவில்லை, திரும்பியது, வழுக்கியது. பந்து இரண்டு தரம் பட்டது என்று நடுவர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். மூன்றாவது செட்டில் அவன் விரலைவிட்டு முன்னங்கையால் தூக்கப் பார்த்தான். ஆள் எடுக்க வந்தவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். நான்காவது செட் முடியுமுன்பே எழுந்து போனார். நாங்கள் தோற்றோம்.

கூட்டம் கலையுமுன்பே பட்டறைக்காரர் தீர்ப்பை எழுதிவிட்டார். “ஆட்டத்த வித்துப்போட்டான். கற்பூரம் அடிச்சு எத்தன பேரு கை சுட்டிருக்குது? ஒருத்தனுக்கும் சுட்டதில்ல. இவனுக்கு மட்டும் ஏன் சுட்டுது? பொய்ச் சத்தியம். முனியப்பன் கையிலயே காட்டிப்போட்டான் பாரு.”

டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பாக்கெட்டைக் கொட்டினவன் நான். கையை எடுக்காதே என்றவன் நான். அந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் அன்னைக்கே சொன்னேனில்லீங்ண்ணா,” என்றேன். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் அவன் டீக்கடைக்கு வந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. அடிக்க வருகிறான் என்று நினைத்து நான் பெஞ்சில் பின்னால் நகர்ந்தேன். அவன் இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து எங்கள் முன்னால் பெஞ்சுமேல் வைத்தான். கடையில் தொங்கிய கயிற்று நெருப்பில் ஒரு தாளைப் பற்றவைத்து அதை ஏற்றினான்.

“ஒரே கட்டிதானுங்க,” என்றான். “நான் ஆட்டத்த வித்துப்போட்டேன்னு நெசமா நெனக்கறவங்க அடிங்க. ஒரு தட்டுத் தட்டுனா அணஞ்சிரும். சுடாதுங்க. அணையற வரைக்கும் வெக்கோணும்னுகூட நான் கேக்கல.”

பட்டறைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டறையில் வண்டி நிற்கிறது என்று சொல்லி, டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். டீக்கடைக்காரர் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினார். கற்பூரத்துக்கு மிகக் கிட்டே உட்கார்ந்திருந்தது நான். ஒரு முழம்கூட இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டேன். அவன் விற்றான் என்று எங்களில் ஒருத்தர்கூட ஒருநாளும் நம்பியதில்லை என்பது அந்தக் கட்டி எரிந்து முடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அது முழுசாக எரியும்வரை அவன் நின்றான். பிறகு, “வாரேனுங்க,” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிக் கல்லூரிக்குள் போனான். அப்போதும் அந்த ‘ங்க’வை அவன் விடவில்லை. அவனை யாரும் எந்த அணிக்கும் எடுக்கவில்லை. பரீட்சை முடிந்து ராசிபுரம் போனவன் லாரியில் கிளீனராக ஏறினான் என்று பி.டி. சார்தான் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் தூரத்து மாமா ஒருத்தர் சிபாரிசில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் மாமாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார், சேரச் சொல்லித் தாளை நீட்டினார். வலது கையால் கையெழுத்துப் போட்டேன். நான் நம்பத் தகுந்த ஆளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.